நிமிர்த்தி வைத்த பெயர் அட்டை

என் தோழிக்கு,

இன்று காலை எங்கள் மன்னார் அலுவலகக் கூட்ட மண்டபத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் மடித்த பெயர் அட்டை வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து அமைச்சின் செயலாளர் வருகிறார் என்பதால் இந்த ஏற்பாடு. கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் கை தானாகவே போய் என் அட்டையை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி வைத்தது. தேநீர் கொண்டு வந்த அக்கா அது புரண்டுவிட்டதென்று நினைத்து, பாவம், திரும்பவும் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கப் பக்கத்தில் நீ இல்லையே.

நம் கல்லூரியில் அதுதானே வழக்கம். பேச விரும்புகிறவர் கை உயர்த்துவதில்லை, பெயர் அட்டையை நிமிர்த்தி வைப்பார். பொதுக் கொள்கை முதுமாணிப் பட்டப் படிப்புக்கு எங்கெங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். மன்னாரிலிருந்து நாம் இருவர்தான். நான் தலைமன்னார்க் கத்தோலிக்கப் பெட்டை. நீ சிலாவத்துறை முஸ்லிம் பெட்டை. இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு ஊர் திரும்பிய குடும்பம். இங்கே ஒருவரையொருவர் கண்டதே இல்லை. கடல் கடந்து அந்தக் குளிருக்குள் போய்த்தான் பழகினோம்.

வியாழக்கிழமை மதியங்களில் வகுப்பெடுக்கத் தலைவர்கள் வருவார்கள். நாடாண்டவர்கள், நிதியமைச்சராக இருந்தவர்கள். எனக்குப் பெரிய ஆட்கள் என்றால் பள்ளிக்கூட வாசலில் வரிசையாய் நிற்கவைத்து மாலை போடச் சொன்ன ஆட்கள்தான். அதனால் முதல் மாதங்களில் என் அட்டை படுத்தே கிடந்தது. நீ காதருகே குனிந்து சொல்வாய்:

“உன்ர பேர் நித்திரை கொள்ளுதடி. எழுப்பிவிடு.”

ஒரு மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் நம் கேள்விகளுக்குக் கூச்சமில்லாமல் ‘தெரியாது’ என்று சொன்னது நினைவிருக்கிறதா? பெரிய மனிதர் ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி இன்றுதான் கேட்டேன் என்று விடுதி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாய். பெருநகரம் ஒன்றின் மேயராக இருந்த அம்மா, பேசுவதற்கு முன் நேரே போய்க் கடைசி வரிசையில் நம் நடுவே உட்கார்ந்தார். எந்த மண்டபத்தையும் முதலில் அங்கிருந்துதான் பார்ப்பாராம். அது எனக்கும் தொற்றிக்கொண்டது. இப்போதும் கூட்டத்துக்கு முன் கடைசிக் கதிரையில் போய் இருந்து பார்க்கிறேன். அலுவலகத்தில் எனக்கு விசர் என்று பேச்சு.

ஆனால் நான் மறக்காத வியாழக்கிழமை, சிறிய தீவு நாடொன்றின் முன்னாள் பிரதமர் வந்த நாள். பழைய மீன்பிடித் துறைமுகம் ஒன்றை வேறிடத்துக்கு மாற்றிய கதையை அவர் அழகாகச் சொன்னார். ஊரைக் கூட்டி எல்லோரையும் கேட்டாராம். எல்லோரும் சம்மதித்தார்களாம். உன் அட்டை நிமிர்ந்தது. எந்த மாதம் கேட்டீர்கள் என்றாய்.

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நீ சட்டை செய்யவில்லை. தென்மேற்குச் சோளகக் காற்று எழுந்தால் எங்கள் கரையில் தொழில் நடக்காது, வலையைக் கட்டிக்கொண்டு குடும்பங்கள் முல்லைத்தீவுக் கரைக்குப் போய் ஓலைக் குடிசை வாடி அடித்துத் தங்கிவிடும், அந்த மாதங்களில் ஊரைக் கூட்டினால் கடைக்காரரும் உத்தியோகத்தரும்தான் கை உயர்த்துவார்கள் என்று விளக்கினாய். பிரதமர் தன் குறிப்புகளை மூடி வைத்தார். மீன் படுகிற பருவத்தில்தான் கேட்டேன், படகுகள் கடலில் நின்றன என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அடுத்த தேர்தலில் அந்தத் துறைமுகம் தன்னை ஏன் கைவிட்டதென்று இன்றைக்குத்தான் விளங்குகிறது என்றார். பிறகு, இந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக, ஆனால் மன்னார்க் கேள்வி என்று சொல்ல வேண்டும் என்றாய். அந்த மனிதர் எழுந்து உனக்குக் கை கொடுத்தார். நான் அன்று அவரிடமும் படித்தேன், உன்னிடமும் படித்தேன்.

அந்தக் கேள்வி உனக்கு எங்கிருந்து வந்ததென்று சோறு தின்னும்போது கேட்டேன்.

“எங்கட காணியளப் பற்றி ஊர்ச்சனத்திட்டக் கேட்டுத்தான் முடிவெடுத்ததாம்” என்றாய். “கேட்ட நேரம் ஊர்ச்சனம் புத்தளத்தில கிடந்தது.”

சொல்லிவிட்டு என் சோற்றுக் கோப்பையிலிருந்த மீன் பொரியலையும் எடுத்துத் தின்றாய்.

நோய் உன்னை இவ்வளவு கெதியாகக் கொண்டுபோகும் என்று யார் கண்டது? உங்கள் பக்கத்தில் பெண்கள் அடக்கத்துக்கு மையவாடிக்குப் போவதில்லை என்பதால், உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் உன் உம்மாவோடு வீட்டுக்குள் இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் பெரிய ஆக்களிட்டப் படிச்சனீங்களாமே என்று அவர் கேட்டார். ஓம் என்றேன்.

இனி இன்றைய கூட்டத்துக்கு வருகிறேன். உங்கள் கரையில் ஓர் இறங்குதுறையும் ஐஸ் தொழிற்சாலையும் கட்டப் போகிறார்கள். நல்ல திட்டம், எனக்கும் வேண்டும். ஆனால் குறித்திருக்கிற இடம் கரைவலை இழுக்கிற மணற்பரப்பு. துறை அங்கே வந்தால் அந்தக் குடும்பங்களுக்கு வலை இழுக்க வேறு இடமில்லை. அடுத்த கிழமையே ஊரைக் கூட்டிச் சம்மதம் வாங்க வேண்டும், தாமதித்தால் திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்றார் செயலாளர். வெளியே சோளகம் யன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

படுக்கவைத்த அட்டையைத் திரும்பவும் நிமிர்த்தினேன். செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, என்ன மிஸ், அட்டை நிற்கமாட்டேன் என்கிறதா என்றார். நிற்கும் சேர் என்றேன். இது எந்த மாதம் என்று கேட்டேன்.

உன்னைப் போல அழகாக வரவில்லை, கொஞ்சம் படபடத்தேன். ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன். வலைக்காரர் ஒருவரும் இப்போது ஊரில் இல்லை என்றேன். திட்டத்தை நிறுத்தக் கேட்கவில்லை, கூட்டத்தைத் தள்ளிப்போடவும் கேட்கவில்லை, அதே நாளில் முல்லைத்தீவுக் கரையில் அவர்களுடைய வாடிக்குப் போய் வைப்போம் என்றேன். அவ்வளவு தூரமா என்றார். அவர்கள் வலையோடு போன தூரம்தானே சேர் என்றேன். மனிதர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வாகனத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

ஆகவே அடுத்த கிழமை போகிறோம். அங்கே என்ன முடிவு வருமென்று எனக்குத் தெரியாது. இந்தச் சொல்லையும் இப்போது கூச்சமில்லாமல் சொல்கிறேன், பார்த்தாயா? கூட்டம் முடிந்ததும் என் அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டேன். வாடியில் மேசை இருக்காது. மணலில் குத்தி வைக்கலாம்.