“கண்டிப்பா குடுக்கிறோம் சார்”

மார்ச் 4, செவ்வாய்
சிறுதொழில் பயிற்சியில் இன்று மூன்றாம் நாள். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகைப் பக்கம் நின்றவனுக்கு, பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது. பாடம் எடுக்கும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான். நாற்பது வீடுகளில் விசாரித்து வரச் சொல்லியிருக்கிறாள். நானும் தங்கையும் நினைத்திருப்பது சலவைக் கடை. தங்கை ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறாள். அவள் பார்க்காத கறை கிடையாது.

மார்ச் 9
நாற்பது வீடும் முடிந்தது. பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். கேட்பதற்குள் நாற்காலி வந்துவிடுகிறது. “உங்க கடைக்குக் குடுக்காம வேற எங்க சார் குடுப்போம்?” முப்பத்தெட்டு வீடு சம்மதம். தங்கையிடம் பட்டியலைக் காட்டினேன்.
“அப்ப வேலைய விட்டுரவாண்ணா?”
“தைரியமா விடு.”

மார்ச் 20
என் வயதுக்கு வங்கியில் கடன் கிடையாதாம். தங்கை பெயரில் கொடுப்பார்கள், ஜாமீன் நான். செலவில் கால் பங்கு நாங்கள் போட வேண்டும். என் ஓய்வுப் பணம் இருக்கிறது. “கடை சூடு பிடிக்கற வரைக்கும் வாடகை, கரண்டுக்கு?” என்று மேலாளர் கேட்டார். “முதல் வாரமே பிடிச்சிடும்” என்றேன். பட்டியலை நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

மே 5
திறந்தோம். எட்டு வீட்டுத் துணி. தங்கை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மடித்தாள்.

மே 23
இந்த வாரம் மூன்று பைகள். ஒன்று எங்கள் வீட்டுடையது.

ஜூன் 4
பழைய மாணவன் ஒருவன் என்னைக் கண்டதும் எதிர்ச்சாரிக்கு மாறினான். விடாமல் போய்ப் பிடித்தேன்.
“வீட்டுலயே மெஷின் இருக்கு சார். நீங்க வந்து கேக்கறப்ப இல்லன்னு எப்படிச் சொல்றது?”

ஜூன் 10
பயிற்சியில் பாடம் எடுத்த பெண்ணிடம் போனேன். “குடுப்பீங்களான்னா கேட்டீங்க? போன மாசம் துணிய எங்க போட்டீங்க, என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கணும் சார்.” திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வகுப்பில் ‘புரிந்ததா?’ என்றால் அத்தனை தலையும் ஆடும். அதை நம்பி ஒருநாளாவது அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேனா? ஆடிய தலைகளில் ஒன்றைப் பலகைக்குக் கூப்பிட்டு, கணக்கைப் போடச் சொல்வேன். அப்போதுதான் வண்டவாளம் தெரியும். இது எனக்கா தெரியாமப் போச்சு? மக்கு. வடிகட்டின மக்கு.

ஜூன் 28
தங்கை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். அவள் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது.

ஜூலை 19, சனி
இரண்டு மெஷின்களும் பாதி விலைக்குப் போயின. மீதிக் கடன் என் ஓய்வூதியத்தோடு போகட்டும். அவளுக்குத் திங்கள் முதல் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலை, பழைய சம்பளத்தில் பாதி. அவளே பழக்கிவிட்ட பெண்தான் இப்போது மேற்பார்வை.

கடையில் யாரும் திரும்ப வாங்க வராத ஒரு போர்வை மிச்சம். ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தோம்.
“என் மேல கோபமாம்மா?”
“சேச்சே, உங்க மேல எனக்கென்னண்ணா கோபம்?” நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆடிய தலையைப் பலகைக்குக் கூப்பிடும் அந்த இரண்டாவது கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.