கையெழுத்து மட்டும் அடுத்த பக்கத்தில்

ஜூலை 10, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். ஷட்டர் தூக்குவதற்கு முன்பே வாசலில் ஆட்கள், எல்லாரும் வெறும் வயிறு. குடையை உள்ளே கொண்டுவராதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலி. தரை பூரா ஈரம். நஸீமா துடைத்துவிட்டு அப்புறம்தான் ரத்தம் எடுக்க உட்கார்ந்தாள்.

வாங்க வேண்டியது: பஞ்சு, எலுமிச்சை, என் பி.பி. மாத்., துணி சோப்பு.

லேப் மருமகள் மல்லிகாவுடையது. கீழே லேப், மேலே நாங்கள். மகன் சேகருக்கு நாக்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். ஆக வீட்டில் நான், மல்லிகா, பேத்தி ஹரிணி. லேப் வேலைக்கு நஸீமா. தெலுங்கு பேசுகிற இந்தக் குஷாய்குடாவில் எங்கள் தெருவில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தைராய்டு என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்வதில்லை.

இன்று புது சாஃப்ட்வேர்க்காரர் வந்தார். ஹரிணி ஏற்பாடு.

இதுவரை மல்லிகா செய்வது இப்படி. ஒவ்வொரு டெஸ்டுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு தாள். முந்தின ஆளுடைய தாளைத் திறப்பாள், பேர், வயது, நம்பரை மாற்றுவாள், பிரிண்ட். போன மாதம் பேரை மாற்றியவள் வயதை மறந்துவிட்டாள். ஃபாக்டரியில் ரிட்டயர் ஆன பெரியவருக்கு வயது ஒன்பது என்று போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஹரிணி சிரிக்கவில்லை. "இன்னைக்கி வயசும்மா. நாளைக்கி ரிசல்ட் மாறுனா இன்னா பண்ணுவ?" என்றாள். அதற்குத்தான் இந்தப் புதுசு. இதில் ஒவ்வொரு ஆளுக்கும் வெற்றுத் தாள் தானாகத் திறக்குமாம்.

சாஃப்ட்வேர்க்காரர் தமிழ்தான். சேலம் பக்கம், இங்கே குகட்பள்ளியில் வீடு. "மேடம், எங்ககிட்டயே ரெடிமேட் ஃபார்மட் இருக்கு. அதை வச்சுக்கிட்டா இன்னிக்கே ஓட்டிடலாம்" என்றார்.

மல்லிகா: "எனக்கு என்னோட ஃபார்மட்தான் வேணும். கோடு மாறக்கூடாது, இடம் மாறக்கூடாது. மாறுச்சின்னா புதுசே வேணாம்."

ஹரிணி: "அப்படியே வரும்மா. நான் கியாரண்டி."

திங்கட்கிழமையிலிருந்து புதுசு என்று முடிவு. ஹரிணி குரலில் அவ்வளவு உறுதி. நான் ஐந்தாவதோடு நின்றவள், இவள் கியாரண்டி கொடுக்கிறாள். முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன், அவளுக்காக.

புதிதாக வந்த ஒரு அம்மா, ஹரிணி என்னை "ஆயா" என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, என்னிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஜோலார்பேட்டைப் பக்கம் பாட்டியைத்தான் ஆயா என்போம் என்று யாருக்கு விளக்குவது. கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கவும் சொன்னார்.

ஜூலை 11, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது.

மல்லிகாவின் தாள்களை ஹரிணி புது சாஃப்ட்வேருக்குள் ஏற்றினாள். சோதனைக்கு அடித்த முதல் தாளைப் பார்த்து நஸீமா, "அல்லா, யே கியா?" என்றாள்.

மேலே பேர் மேல் பேர். நாம் பிரஸ்ஸில் பச்சை மையில் லேப் பேர் அடித்த தாளைத்தான் உபயோகிக்கிறோம், அலமாரியில் கட்டுக் கட்டாக இருக்கிறது. புதுசு அதன் மேலேயே இன்னொரு தரம் லேப் பேரை அடித்திருக்கிறது. நடுவில் நம்பர் எல்லாம் வரி தவறி நிற்கிறது. சாப்பிடுவதற்கு முன் பார்த்த சர்க்கரை, சாப்பிட்ட பின் என்பதற்கு எதிரே. கடைசியில் டாக்டர் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

மாலையில் பத்மஜா டாக்டரம்மா வந்தார். தினமும் ரிப்போர்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர்தான். அவர் போட்டால்தான் தாள் வெளியே போகும். சோதனைத் தாளைக் காட்டினார்கள். இரண்டாம் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "ஈ பேஜ்லோ நா சந்தகம் தப்ப ஏமீ லேது கதம்மா" என்றார். அவர் கையெழுத்தைத் தவிர அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, அதுதான் அவர் சொன்னது. யாராவது மேலே எதையாவது அடித்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது அவர். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் திங்கட்கிழமை இப்படி இருந்தால் ஒரு தாளிலும் போடமாட்டேன் என்றும் சொன்னார்.

போடாவிட்டால் ரிப்போர்ட் இல்லை. மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய லேப் வேறு திறந்திருக்கிறார்கள். ஜனங்கள் ஒரு நாள் அங்கே போய்ப் பழகினால் போதும். பழைய கம்ப்யூட்டருக்கே போகலாம் என்றால், அது இப்போதெல்லாம் தானாக அணைந்து அணைந்து எரிகிறது.

டாக்டரம்மா போன பிறகு இரண்டு பேருக்கும் சண்டை.

"டேபிளே போடலம்மா நீ. ஸ்பேஸ் பாரை அமுக்கி அமுக்கித் தள்ளி வச்சிருக்க. என்டரை அமுக்கி அமுக்கிக் கீழ இறக்கியிருக்க. இங்க புதுசுல எழுத்து மாறுன ஒடனே எல்லாம் நகர்ந்துபூடுது."

"எனக்கு யாரு சொல்லிக்குடுத்தா? கண்ணால பாத்துப் பாத்து நிறுத்துனேன். பேப்பர்ல சரியா வந்துச்சா இல்லியா?"

"இங்க வராது. அந்த ரெடிமேடையே போட்டுக்கலாம்மா. சூப்பரா இருக்கு, கலர் எல்லாம் வருது."

"உனுக்குன்னு ஒரு லேப் வச்சிக்கோ, அதுல கலர் கலரா போட்டுக்கோ."

நான் வாயைத் திறந்தால் இரண்டு பேரும் என் பக்கம் திரும்புவார்கள். இரண்டு பேருமே எனக்கு வேண்டும்.

ஜூலை 12, சனி

வெயில் வந்து வந்து போகிறது. ஊறுகாய் ஜாடியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது வீண்.

காலையில் நாயுடு காரு வந்தார். கிட்னிக்காக மாதா மாதம் பார்த்துக்கொள்பவர். பெரிய ஃபைல் வைத்திருக்கிறார். எப்போதும் புதுத் தாளை வாங்கியதும் போன மாதத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஓரத்தோடு ஓரம் தட்டிச் சரிசெய்து, விரலை நேரே கிட்னி நம்பரான க்ரியாட்டினின் இருக்கும் இடத்தில் வைப்பார். கண்ணாடி போடமாட்டார். அந்த இடத்தில் இருக்கும் நம்பரைத்தான் பார்ப்பார்.

அம்மாவை வழிக்குக் கொண்டுவர ஹரிணி ஒரு வேலை செய்தாள். நாயுடு காருவின் நம்பர்களை அந்த ரெடிமேட் தாளில் அடித்து, "தாத்தகாரு, இதி எலா உந்தி?" என்று காட்டினாள். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லுவார், அதைக் காட்டி மல்லிகாவிடம் பேசலாம் என்று நினைப்பு.

அவர் இரண்டு தாளையும் தட்டி வைத்தார். விரலை வைத்தார். "பாயிண்ட் எய்ட்டா? இந்த தக்கிந்தா?" என்றார். இவ்வளவு குறைந்துவிட்டதா என்று முகமெல்லாம் சந்தோஷம். செல்லை எடுத்து மகளுக்குப் போன் போடப் போய்விட்டார்.

அந்த இடத்தில் இருந்தது பிலிருபின், மஞ்சள் காமாலைக்குப் பார்ப்பது. க்ரியாட்டினின் மூன்று வரி கீழே, போன மாதம் இருந்த மாதிரியேதான் இருந்தது.

ஹரிணிதான் சொன்னாள். சொல்லித்தான் ஆக வேண்டும். நாயுடு காரு போனை ஜேபியில் போட்டுக்கொண்டு, "பர்வாலேதுலே பாப்பா" என்றார், பரவாயில்லை என்று. ஆனாலும் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார். மல்லிகா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். வெளியே வரவில்லை, ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு சபாஷ்.

ஹரிணி அந்த ரெடிமேட் தாளைக் கிழித்துப் போட்டாள். அம்மாவுடைய தாள் ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கோடு போட்டு, கட்டம் போட்டு, நம்பரை நகர முடியாமல் கட்டத்துக்குள் உட்கார வைக்கத் தொடங்கினாள். எழுந்திருக்கவே இல்லை.

மல்லிகாவும் அதே அறையில், கைநீட்டினால் தொடலாம். ஆனால் பேச்சு என் வழியாக.

"அத்தே, அவள வந்து சாப்பிடச் சொல்லுங்க."

"ஆயா, நான் அப்பறம் சாப்டுக்கறேன்னு சொல்லு."

"ஆறிப்பூடும்னு சொல்லுங்க அத்தே."

"மைக்ரோவேவ் இருக்குன்னு சொல்லு ஆயா."

நஸீமா: "கைக்கு தாதிமா, தும் டெலிஃபோன் ஹை க்யா?" ஏன் பாட்டி, நீங்கள் என்ன டெலிஃபோனா என்று.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். சாதத்தைப் பிசைந்து உருட்டி நானே ஹரிணி வாயில் வைத்தேன். கண்ணை ஸ்கிரீனிலிருந்து எடுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

பி.பி. மாத். வாங்க மறந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல வெயில். லேப் அரை நாள். எங்கள் தெருவில் போனாலுத் திருவிழா இன்னும் வரவில்லை, ஆனால் எங்கோ டப்பு மேளம் அடிக்கிற சத்தம் காலையிலிருந்து.

மல்லிகா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கீழே வந்தாள். ஹரிணி ஜன்னலோரம் நின்றிருந்தாள். பழைய தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, புதுத் தாளை அதன் மேல் வைத்து, வெயிலில் பார்க்கிறாள். கோட்டின் மேல் கோடு விழுகிறதா, நம்பர் மேல் நம்பர் விழுகிறதா என்று. விழுந்தது. இரண்டு தாள் என்றே தெரியவில்லை.

மல்லிகா பக்கத்தில் போய் நின்றாள். அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் அடுத்தது. யூரின் தாளில் விரலை வைத்து, "இங்க கொஞ்சம் இறங்கிருக்கு பாரு" என்றாள். என்னிடம் அல்ல, நேரே அவளிடம். என் டெலிஃபோன் வேலை முடிந்தது.

எல்லாத் தாளும் பார்த்து முடித்த பிறகு மல்லிகா சொல்கிறாள், "இந்த எழுத்து எனக்கு மொதல்லருந்தே புடிக்கல. ரொம்பப் பொடிசு. கொஞ்சம் பெருசா வச்சிரேன்."

ஹரிணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஒண்ணுகூட மாறக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

"எடம் மாறக்கூடாதுன்னேன். எழுத்தப் பெருசு பண்ணா எல்லாம் ஓடிப்பூடும்னு அப்ப கைய வைக்கல. எப்படின்னு தெரியாது. இப்பதான் நீ இருக்கியே."

ஹரிணி போய் உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கினாள்.

ஆக்கியதும் ரத்தப் பரிசோதனை நீளத் தாளில் டாக்டரம்மா கையெழுத்து மறுபடி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. ஹரிணி தலையில் கை வைத்தாள். மல்லிகா, "சரி விடு, பழையபடியே பொடிசா இருக்கட்டும்" என்றாள். "இருக்கட்டும்னா இன்னா அர்த்தம், நாயுடு தாத்தா கண்ணாடி போடறதில்ல" என்று ஹரிணி.

எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். பச்சைப் பேர் அடித்த இடத்தை விட்டு இறங்குவதற்கு மல்லிகா வெறும் வரிகளாக அமுக்கி வைத்திருந்தாள். புதுசும் தன் பங்குக்கு இடம் விட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து பாதித் தாளைத் தின்றிருந்தன. ஹரிணி அந்த வெறும் வரிகளை எடுத்துவிட்டு, மேலே இவ்வளவு இடம் சும்மா கிடக்கட்டும் என்று அளந்து சொல்லி வைத்தாள். தாளில் அடிக்கும்போது லேப் பேர் வராது, ரிப்போர்ட் ஆட்களின் செல்லுக்குப் போகும்போது மட்டும் வரும். கீழே இடம் கிடைத்தது. கையெழுத்து மேலே ஏறி வந்து உட்கார்ந்தது.

நிஜமாகவே இரண்டு பக்கம் போகிற தாளுக்கு, கையெழுத்தைக் கடைசி ரிசல்ட் வரிகளோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டாள். போனால் அவற்றையும் இழுத்துக்கொண்டுதான் போகும். தனியாகப் போகாது.

மத்தியானம் வெண்டைக்காய்ப் பொரியல், ரசம். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். சேகர் போன் செய்து என்ன விசேஷம் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 14, திங்கள்

மேகம். மழை இல்லை. நல்ல கூட்டம்.

காலையில் ஷட்டர் தூக்கும் முன் மல்லிகா சொன்னாள், "மொத ரிப்போர்ட் வெளியாளுக்கு வேணாம். நம்ம வீட்டு ஆளு ரத்தத்துலயே பாத்துருவோம்." ஹரிணி தன் கையை நீட்டினாள். உன்னுடையதில் எல்லாம் நார்மலாக வரும், கூடக் குறைய இருக்கிற நம்பர் கருப்பாக வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று மல்லிகா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

காபிகூடக் குடிக்கவில்லை. உட்கார்ந்தேன். "டரோ நக்கோ தாதிமா" என்று நஸீமா. நான் எங்கே பயந்தேன். மூன்று குழாயில் எடுத்தாள்.

மெஷின் ஓடி முடிந்ததும் தாள் வந்தது. என் பேர் சரி. வயது சரி, எழுபத்தொன்று. வரி எல்லாம் வரியில். கையெழுத்து இடம் கீழே, அதே பக்கத்தில். சர்க்கரை 168. பக்கத்து நம்பர்களெல்லாம் சாதாரணமாக இருக்க, அது மட்டும் நல்ல கருப்பில், தடித்து நின்றது.

"வந்துருச்சும்மா, போல்டு வந்துருச்சு" என்று ஹரிணி குதிக்கிறாள். நஸீமா கைதட்டுகிறாள். மல்லிகா தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "பர்ஃபெக்ட்" என்றாள். எனக்குச் சர்க்கரை ஏறிப்போனதைப் பற்றி ஒருத்தியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பகல் பூரா புதுசிலேயே ஓடியது. மாலையில் டாக்டரம்மா வந்தார். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். நீளத் தாள் ஒன்று இரண்டு பக்கம் வந்திருந்தது. அதைத் திருப்பினார். ஹரிணி எட்டிப் பார்க்கிறாள். இரண்டாம் பக்கத்தில் கடைசி ரிசல்ட்டுகள், அதற்குக் கீழே அவர் இடம். டாக்டரம்மா பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பிறகு வரிசையாக எல்லாவற்றிலும். எழுத்து பெரிதாக இருக்கிறது, நல்லது என்று மட்டும் சொன்னார். மல்லிகா உடனே, "மா அம்மாயி சேசிந்தி" என்றாள். என் பெண் செய்தது என்று. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

என் தாள் கடைசியில் வந்தது. டாக்டரம்மா கருப்பு நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏமி பெத்தம்மா இதி?" என்றார், என்ன இது என்று. நாளை முதல் காபிக்குச் சர்க்கரை கிடையாது, சாயங்காலம் நடை. கையெழுத்து அதிலும் போட்டார்.

புதுசில் வந்த முதல் ரிப்போர்ட் என்பதால் அதைக் கண்ணாடி போட்டு லேப் சுவரில் மாட்ட வேண்டும் என்கிறாள் ஹரிணி. வருகிறவர் போகிறவர் எல்லாம் அத்தையின் சர்க்கரையைப் படிப்பார்கள், பேரை மறைத்துவிட்டு மாட்டு என்கிறாள் மல்லிகா.

பேர் இருக்கட்டும் என்றேன்.