நாலு செகண்ட் முந்திய குரல்

பிப்ரவரி 6, வியாழன்
திருவனந்தபுரம் வலியசாலையிலிருந்து கழக்கூட்டம் ஸ்டூடியோவுக்கு இன்று ஒன்றேகால் மணி நேரம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் என் குரலைக் கேட்டுத் திரும்பினார். அப்பாடா, ஒருத்தராவது அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைத்தேன். "போன்ல கொஞ்சம் மெல்லப் பேசணும் சாரே" என்றார். இருபத்திரண்டு வருடத் தமிழ்க் கால்பந்து வர்ணனைக்கு இதுதான் புகழ்.

பிப்ரவரி 9, ஞாயிறு
கோப்பை இறுதி ஆட்டம். ஆட்டம் கொல்கத்தாவில், நான் இங்கே கண்ணாடி அறையில் திரையைப் பார்த்துப் பேசுகிறேன். பெனால்டிக்குச் சற்று முன் படம் அறுந்து, வேறு லைன் வழியாக வந்தது. பத்து உதைக்கும் தொண்டை கிழியக் கத்தினேன். நன்றாகத்தான் செய்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்
போன் ஓயவில்லை. வீரர் உதைக்கும் முன்பே பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொன்னேனாம். பத்துக்குப் பத்தும் சரியாம்! வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஆள் ஓடவே தொடங்கவில்லை, "இடது மூலை... கோல்!" என்று என் குரல். நான் பார்த்துவிட்டுத்தானே சொன்னேன்?

மத்தியானம் ஒலிப் பொறியாளர் சஜின் வந்து கதவைச் சாத்தினான். படம் எங்களுக்கு முதலில் வரும். ஜனங்கள் வீட்டு டிவிக்குப் போய்ச் சேரச் சில செகண்ட் பிந்தும். என் குரலையும் அதே அளவு நிறுத்திவைத்து அனுப்ப வேண்டும். லைன் மாறிய பதற்றத்தில் அவன் அதை மறந்துவிட்டான். குரல் நாலு செகண்ட் முந்திப் போய்விட்டது.

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ இருக்கு சாரே. இது தெரிஞ்சா எனக்க ஜோலி போவும். பெண்டாட்டி ஜினிக்கு மாசம் ஏழு. ஆருட்டயும் மிண்டாதீங்க, கேட்டியளா?"

பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

பிப்ரவரி 13, வியாழன்
வீடியோவுக்குக் கீழே வித்துராவிலிருந்து ஒருத்தர் "சவுண்டு முந்தி வருது, அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார். இருநூறு பேர் சேர்ந்து அவரை வறுத்தெடுக்கிறார்கள். பாவம், நாட்டில் இருக்கும் ஒரே புத்திசாலி.

பிப்ரவரி 21, வெள்ளி
வினீத் கட்டிப்பிடித்தான். என்னைவிடப் பதினைந்து வயது இளைய மேலாளர். "நம்பி சேட்டா, அடிபொளி! இந்த வருஷம் சிறந்த வர்ணனையாளர் விருது நமக்காக்கும்!"

எத்தனை வருடம் விண்ணப்பித்தேன்! கொட்டும் மழையில் பந்தே தெரியாத ஆட்டத்தைத் தொண்ணூறு நிமிடம் ஒற்றை ஆளாய்த் தாங்கினேனே, அதற்கு ஒரு பதில்கூட வரவில்லை. இப்போது இதற்குக் கொடுக்கிறார்கள். கழிப்பறைக்குள் போய் அழுதேன். சந்தோஷமா, எரிச்சலா - தெரியல.

என் மனைவி கிருஷ்ணவேணி விஷயத்தைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "விருது வாங்கப்போற மூஞ்சியா இது? துட்டி வீட்டுக்குக் கிளம்புன மாதிரில்லா இருக்கியோ" என்கிறாள். அவளிடமும் சொல்லவில்லை. வாயை வைத்துப் பிழைக்கிறவன், வாயைத் திறக்க முடியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு
லீக் ஆட்டம். "ரெண்டு மூணு ப்ரெடிக்‌ஷன் போடணும் சேட்டா" என்றான் வினீத். போட்டேன். மூன்றும் தப்பு. "பெருசு ஃபார்ம் அவுட்" என்று கமெண்ட் வந்தது. நான் என்ன குறி சொல்கிறவனா? நடந்ததைச் சொல்வதுதானய்யா என் வேலை!

மார்ச் 15, சனி
மேடையில் சொல்லிவிட்டேன். சஜின் பெயரை எடுக்கவில்லை. "நான் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. படத்துக்கு முன்னால் என் குரல் போய்விட்டது. இந்த விருது எனக்குச் சேராது" என்றேன்.

ஒரே சிரிப்பு. நடுவர் குழுத் தலைவர் மைக்கை வாங்கி, "என்ன ஒரு தன்னடக்கம் பாருங்க!" என்றார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. முதல் வரிசையில் கிருஷ்ணவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அட கடவுளே. உண்மையச் சொன்னாலும் விடமாட்டேங்கிறாங்களே. இனி யாருகிட்டப் போய்ச் சொல்ல?

மார்ச் 17, திங்கள்
ஒரே ஒருவன் நம்பியிருக்கிறான் - வினீத். எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தான். சஜின் கதை முடிந்தது என்று நினைத்தேன். வினீத்தோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்போ அத எப்போ வேணும்னாலும் செய்யலாம், இல்லே?" என்றான்.

மாட்டேன் என்றேன்.

"சேட்டன் இஷ்டம். சஜினோட மூணாவது மெமோ டைப் பண்ணி வச்சிருக்கு" என்றான், சிரித்துக்கொண்டே. சஜின் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது முகத்திலடித்தாற்போல் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 29, சனி
ஆட்டம் இல்லை. தூக்கமும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு
சஜினுக்கு நேற்றுப் பெண் குழந்தை. காலையில் அல்வா கொண்டுவந்தான்.

எழுபதாவது நிமிடம் பெனால்டி. கண்ணாடிக்கு அப்பாலிருந்து சஜின், குரலை எத்தனை செகண்ட் முந்தி விட என்று சைகையில் கேட்டான். நாலு வைத்தால் சந்தேகம் வரும். மூன்று விரல் காட்டினேன்.