கீழ் மடிப்பு தைக்காத திரைச்சீலைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீ சாப்பிட்டாயா தூங்கினாயா என்று போனிலேயே கேட்டாயிற்று. போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ பார்த்து வைத்திருக்கும் வீட்டின் படங்களை அப்பா மளிகைக் கடைக்காரர் வரைக்கும் காட்டிவிட்டார். நீ சன்னல் அளவு அனுப்பினாயே, அன்று மாலையே நான் துணி வாங்கி ஆறு சன்னலுக்கும் வெட்டிவிட்டேன். நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள், ஆளை நிற்க வைத்து அளக்காமல் ஒரு சட்டை வெட்டியதில்லை. மகள் வீடு என்றதும் புத்தி புல் மேயப் போய்விட்டது. உனக்கும் அதே அவசரம். "வேற யாருக்காவது கொடுத்துடுவாங்கம்மா, இந்த வாரமே அட்வான்ஸ் கொடுத்துடறேன், லோன் எப்படியும் கிடைச்சிடும்" என்றாய். அந்த 'எப்படியும்' என் காதிலேயே நின்றது. புதன்கிழமை, என்னிடம் தைக்கக் கொடுக்கும், வங்கியில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் வந்தபோது மெல்ல விசாரித்தேன். "முதல்ல சம்பளச் சீட்டெல்லாம் காட்டி, எவ்வளவு தருவாங்கன்னு வங்கியில எழுத்துல வாங்கணும். அட்வான்ஸைக் கொடுத்துட்டு அப்புறம் லோன் இல்லைன்னா, கொடுத்தது போனதுதான்" என்றார். கிளம்பும்போது, "உங்க பொண்ணு யாருக்காவது ஜாமீன் போட்டிருக்காளா? அதையும் பார்ப்பாங்க" என்று கேட்டார். கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

போட்டிருக்கிறாயே அம்மா. தம்பி கடனில் வேன் வாங்கிய சமயம், நீ ஊருக்குப் புறப்படும் அவசரத்தில், பெட்டி மேலேயே வைத்துப் போட்ட கையெழுத்து. சும்மா ஒரு கையெழுத்துதானே என்று காகிதத்தை நீட்டியவள் நான். போன வருடம் வேன் மோதி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தபோது அவன் மூன்று மாதம் தவணை கட்டவில்லை. வங்கியிலிருந்து உன் பெயருக்கும் ஒரு கடிதம் வந்தது. அதைத் துணிப் பெட்டிக்கு அடியில் வைத்து மூடிவிட்டேன். நீ கவலைப்படுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ அவனைத் திட்டுவாய் என்று பயந்தேன். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையிடம் மறைத்தது தப்பு, அது முழுக்க என் தப்பு. அந்தப் புதன்கிழமை ராத்திரியே வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பாக்கியை அவன் போன வருடமே அபராதத்தோடு கட்டிவிட்டான், ஆனாலும் அந்தத் தாமதம் உன் பெயரிலும் கடன் பதிவில் நிற்குமாம். மறுநாளே வேன் கடன் கொடுத்த வங்கிக்குப் போய், நிலுவை எதுவும் இல்லை என்று எழுதி வாங்கி வந்தான். அதையும், நான் ஒளித்த கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரே நீ லோன் கேட்கும் வங்கிக்குப் போ. அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நீயே சொல்லிவிடு. சரி என்றும் சொல்லலாம், குறைத்துத் தரலாம், ஆறு மாதம் பொறுக்கவும் சொல்லலாம். எழுத்தில் கைக்கு வரும்வரை ஒரு காசும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. அதற்குள் அந்த வீடு கைநழுவிப் போனால் அது என்னால் போனது. ஆசை ஆசையாகப் பார்த்த வீடு, எனக்குத் தெரியாதா. கோபப்படு, நன்றாகத் திட்டு, ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது.

திரைச்சீலைகளுக்கு ஓரமெல்லாம் அடித்தாயிற்று. கீழ் மடிப்பை மட்டும் தைக்கவில்லை, ஒரு சாண் துணி கூடுதலாகவே விட்டிருக்கிறேன். எந்த வீடு அமைகிறதோ அந்தச் சன்னலின் உயரத்தைச் சொல், அன்றைக்கே தைத்து அனுப்புகிறேன்.

உன் பெயரில் ஒரு வாசல் சீக்கிரம் திறக்கட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே. இனிமேல் நானே நீட்டினாலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

உன் அம்மா