மண்டையோட்டில் பச்சைக் கறை

அன்பு மனைவிக்கு,

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். நீரும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் இருமல் குறைந்துவிட்டது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் அத்திவாரம் வெட்டும்போது கிடைத்த எலும்புகளைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறோம். எல்லாம் முந்நூறு வருசத்துக்கு முந்திய ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், காலத்துச் சிப்பாய்கள் என்று எழுதி முடிக்கப் பார்க்கிறார் பிரகலாதன், எனக்கு வரவேண்டிய பதவிக் கதிரையில் இருப்பவர். மற்றவற்றில் பழைய ஈயக்குண்டு பட்ட பெரிய உடைவுகள்தான். ஒரு மண்டையோட்டில் மட்டும் துளை சிறியது. அதன் உள்விளிம்பில் பச்சைக் கறை. செம்பு உறை போட்ட தோட்டாவின் கறை அது. ஒல்லாந்தரிடம் அப்படித் தோட்டா இருக்கவில்லை.

"அது சட்டைப் பொத்தான்ர கறை, ஐசே," என்றார் பிரகலாதன்.

"மண்டைக்குள்ள ஆர் பொத்தான் தைச்சது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

மறுநாள் என் மேசையில் அந்த ஓடு இல்லை. கையெழுத்துக்காக அறிக்கை மட்டும் இருந்தது. நான் கையெழுத்து வைக்கவில்லை. அந்த ஓட்டுக்குரிய பிள்ளையை யாரோ ஒரு தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். நீதவானிடம் போகப்போகிறேன். ஓட்டின் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அலுமாரியில் பூட்டி வையும். பயப்பட ஒன்றுமில்லை.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்பும். கடைச் சாப்பாடு இறங்குதில்லை. பதிலை அலுவலகத்துக்குப் போடாமல் நான் தங்கியிருக்கும் தம்பலகாமத்து அறைக்கே போடும். உமது கடைசிக் கடிதம் பிரித்து ஒட்டியதுபோல் இருந்தது. நீளமாக எழுதும்.

தபாற்கந்தோர் மூடப்போகிறது. பிரகலாதன் இதைப் பிரித்தால் எழுதியது நான்தான் என்று விளங்கிக்கொள்வார். ஆனாலும் என் கையெழுத்து எதிலும் அவருக்குக் கிடைக்கக்கூடாது. இதையும் கையெழுத்து வைக்காமலே போடுகிறேன்.