பெயிண்ட் அடித்த காரும் மங்கிய விளக்கும்

செப். 9, செவ்வாய்
காலையில் தூறல். பந்தல்காரருக்கு போன். மகள் ஜெபியின் கல்யாணச் செருப்பு மாற்ற வேண்டும்.

என் பழைய அம்பாசடர் பெயிண்ட் அடித்து வந்துவிட்டது. வெள்ளை வெளேர். கண்ணே பட்டுவிடும். ஆனால் ஹெட்லைட் எரிகிறதா என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை மார்த்தாண்டம் சர்ச்சில் கல்யாணம் முடிந்ததும் மண்டைக்காட்டில் ரிசப்ஷன். போகும்போதே இருட்டிவிடும்.

இவர்: “ஏட்டி, இந்த மங்கின வெட்டத்த வச்சா பிள்ளையளக் கொண்டு போவ? வாடகை கார் சொல்லியாச்சு.”

என் மகளை நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். எத்தனை வருட ஆசை!

செப். 10, புதன்
வெயில். மெக்கானிக் தங்கப்பன் வந்து புது பல்ப் போட்டார். அதே மினுக்மினுக்.

“பழைய வண்டியில்லியா டீச்சரே, வயரிங் மொத்தமும் மாத்தணும். ஒரு வாரம் பிடிக்கும்.”

கல்யாணத்துக்கு மூன்றே நாள். முப்பது வருடம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவளிடமா இந்தக் கதை? மல்டிமீட்டரைத் தேடணும்.

செப். 11, வியாழன்
மல்டிமீட்டர் அரிசிப் பானைக்குப் பின்னால்! லைட்டைப் போட்டு அளந்தேன். பேட்டரியில் 12 வோல்ட். பல்பில் 9. மீதி மூன்று எங்கே? மின்சாரம் பாடி வழியாகத் திரும்பும் எர்த் பக்கம் வைத்துப் பார்த்தால், மூன்றும் அங்கே நிற்கிறது.

எர்த் வயர் பாடியோடு சேரும் ஸ்க்ரூவைக் கழற்றினேன். அடியில் அழகாக வெள்ளைப் பெயிண்ட். மின்சாரம் எப்படிப் போகும்?

“ஒரு இடம் விடாம அடியுங்க, பானெட்டுக்குள்ளயும்” என்று பெயிண்டர் பக்கத்தில் நின்று விரட்டியது யார்? நானேதான். தங்கப்பனிடம் சொல்லப்போவதில்லை.

புதுப் பெயிண்டை உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்தேன். வயிறு எரிந்தது. ஸ்க்ரூவைத் திரும்ப இறுக்கி முடுக்கினேன். பல்பில் 11.7! சுவரில் வெளிச்சம் அறைந்த மாதிரி விழுந்தது. தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

இவர் வந்து பார்த்தார். “செரி, பாப்பம்.” வாடகை காரை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை. பிடிவாதம்.

செப். 13, சனி
கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாம்பாரில் உப்பு கம்மி. இடுப்பு வலி.

நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் ஜெபியும் மாப்பிள்ளையும், பக்கத்தில் இவர். வாடகை கார் பின்னாலேயே காலியாக வந்தது. மண்டைக்காடு நெருங்கும்போது நல்ல இருட்டு. ஒரு குறுகலான திருப்பத்தில் எதிரே வந்த லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

“ஏலே, டிம் அடிலே! கண்ணு தெரியல்ல!”

இவர் காதில் நன்றாக விழுந்தது. கொஞ்சம் மெதுவாகத்தான் டிம் அடித்தேன்.