நட்டில்லாமல் நிற்கும் சக்கரம்

மிஸ்தாசினி,
ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு

அன்பு மகன் ரேஜிசுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடிதம் என்றால் நலம் என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீயும் அந்தச் சுரங்க முகாமில் வேளாவேளைக்குச் சாப்பிடுவாய் என்று நினைக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இந்த வீட்டில் கடிதம் எழுதியதெல்லாம் அப்பாதான்.

ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. போன வருஷம் அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா நம் எல்லோரையும் எழுப்பிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார், ஞாபகம் இருக்கும். இந்த வருஷம் படுக்கையிலிருந்தே கேட்டேன். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மொன்றியலில் இருந்து உன் அக்கா சோலான்ஜ் பேசினாள். குழந்தைக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வந்துவிடு என்கிறாள். பார்க்கலாம் என்றேன். எங்கே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

பட்டாணி சூப்பை இன்னும் பெரிய பானையில்தான் வைக்கிறேன். கை பழகிப்போய்விட்டது. மிச்சத்தைப் பக்கத்து வீட்டு எவாரிஸ்தின் நாய்க்கு ஊற்றுகிறேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏ அதேல், என் நாய் இப்ப என்னைக் கண்டா எந்திரிக்கக்கூட மாட்டேங்குது. உன் வாசல்லயே கிடக்கு. பேசாம என்னையும் சேத்துக்கோ, நானும் அங்கயே படுத்துக்கறேன்" என்றார். அவர் மனைவி, "நீங்க போனா சூப் பத்தாது, நாயே இருக்கட்டும்" என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்துத்தான் அது வேடிக்கை என்று எனக்குத் தெரிந்தது.

இப்போது எழுத வந்ததை எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு உன் பெரியம்மா மகன் கேத்தான் லீவில் வந்தான். உன்னோடுதானே அங்கே தங்கியிருக்கிறான். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். "சித்தி, அவனுக்கு லாரி ஓட்டுற வேலை குடுத்தாங்க, வேணாம்னுட்டான். சமையக்கட்டுல உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருக்கான். வண்டின்னாலே ஏற மாட்டேங்கிறான், அந்தக் குளிர்லயும் நடந்தே போறான். குடிச்சா ஒரே பேச்சுதான், சக்கரத்தை நான்தான் மாட்டினேன், எங்கப்பாவை நான்தான் கொன்னேன்னு" என்றான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடக்கத்தன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நீ என் காதில், "அம்மா, கார்ல ஏதாவது சத்தம் வருதுன்னு அப்பா சொன்னாரா?" என்று கேட்டாய். ஆமாம், முன்பக்கம் இடது சக்கரத்தில் டக் டக் என்று வருகிறதாம் என்று சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அன்றைக்கு யார் எது கேட்டாலும் அப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் வடக்கே ரயில் ஏறிவிட்டாய்.

நவம்பரில் நீ குளிர்காலச் சக்கரங்களை மாட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவுக்குத் தோள் பிசகி, கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒன்றும் செய்ய முடியாமல் உன் பக்கத்தில் நின்று வாயால் வேலை செய்தார். "ராசா, சக்கரத்தைத் தாங்கற ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால துரு போகத் தேய். சக்கரம் உக்கார்ற இடத்துல கிரீஸ் தடவு, நாசூக்கா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற மாதிரி. போல்ட்டுல பட்டுடக் கூடாது." உனக்கு அன்றைக்கு ஹாக்கி ஆட்டம். நண்பர்கள் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா உள்ளே வந்த நேரம் பார்த்து, தேய்க்காமல், தடவாமல், மாட்டி முடுக்கிவிட்டு ஓடிவிட்டாய். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டை இன்னொரு தடவை முடுக்க வேண்டும் என்று அப்பா சொன்னதும் நடக்கவில்லை. அதைத்தான் நீ மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்பு என்றால் அப்பாவுக்கு ஜென்மப் பகை. அதைக் கால்சியம், கால்சியம் என்று திட்டிக்கொண்டே இருப்பார். சனிக்கிழமை வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், என் சூப் பானையில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரங்களைக் கழுவுவார். நான் சண்டை போடுவேன். "பானையைக் கழுவித் தர்றேன்டி, சக்கரத்தை யாரு கழுவுவா?" என்பார். ஆனால் எவ்வளவு குளிரிலும் காரைச் சூடான இடத்தில் நிறுத்தமாட்டார். குளிரில் உப்பு தூங்குமாம், சூடு பட்டால் விழித்துக்கொண்டு இரும்பைத் தின்னுமாம். அதெல்லாம் உனக்கும் தெரியும். எழுதத் தோன்றியது.

கட்டுப் போட்ட கையால் பானையைத் தூக்க முடியாததால் இந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கழுவவே இல்லை. யாரும் கழுவவில்லை.

விபத்துக்குப் பிறகு அந்தக் காரைப் பிப்ரவரியில் கொண்டுவந்து ஷெட்டில் விட்டதிலிருந்து நான் அந்தப் பக்கம் போகவில்லை. வியாழக்கிழமை சாவியை எடுத்தேன். உள்ளே இருப்பது எதுவானாலும் உனக்கு உள்ளபடி எழுதிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் எடுத்தேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எவாரிஸ்தைக் கூப்பிட்டு, நாலு சக்கரத்தையும் கழற்றிக் காட்டு என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். "இப்ப எதுக்கு அதேல்? கழண்டுதான் இருந்துச்சுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவ? பாவம், புள்ளையப் போட்டு..." என்றார். கழற்று என்றேன். காரின் மேல்பக்கம் நசுங்கியிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க ஒரு போர்வையை எடுத்துவந்து போட்டேன். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

பின்சக்கரம் இரண்டும் நட்டெல்லாம் கழற்றியும் வரவில்லை. ஹப்போடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்து அடித்துத்தான் எடுத்தார். எவாரிஸ்த் வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை. "எந்த மகராசன்டா கிரீஸ் தடவாம மாட்டினது" என்று கத்திவிட்டு, என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். முன்பக்கம் வலது சக்கரமும் அப்படித்தான்.

கடைசியில் இடது பக்கம் வந்தார். முதலில் நட்டுகளை மூடியிருக்கும் வீல் கப்பை நெம்பினார். உள்ளேயிருந்து ஒரு கல் தரையில் விழுந்தது. சாலையில் உப்போடு கொட்டுகிற சரளைக் கல்தான், புளூபெரிப் பழத்தை விடக் கொஞ்சம் பெரிது. அதை எடுத்துக் கப்புக்குள் போட்டு என் காதுக்குப் பக்கத்தில் சுற்றினார். டக் டக் என்றது. நான் கையை நீட்டிக் கல்லை வாங்கிக்கொண்டேன்.

பிறகு நட்டு. ஐந்தும் இருந்தன. ஸ்பேனருக்கு அசையவில்லை. குழாய் ஒன்றைச் செருகி அதன்மேல் ஏறி நின்று மிதித்த பிறகுதான் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வந்தது. டார்ச் அடித்து என்னைக் கிட்டே கூப்பிட்டார். "நட்டு உக்கார்ற இந்த ஓட்டையைப் பாரு. தளர்ந்து ஆடின சக்கரம்னா இது முட்டை மாதிரி இழுத்துருக்கும், சுத்திலும் தேஞ்சு மின்னும். இது அச்சுல வாத்த மாதிரி வட்டமா இருக்கு. இது ஆடவே இல்ல அதேல். உன் புள்ள கிரீஸ்தான் தடவல, முடுக்கறதைக் குரங்கு மாதிரி முடுக்கியிருக்கான்."

நட்டெல்லாம் எடுத்தாகிவிட்டது. அப்போதும் சக்கரம் கழன்று வராமல் நின்றது. காலால் உதைத்தார். முதுகைக் கொடுத்துத் தள்ளினார். அவர் மனைவி வந்து ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அவர் சம்மட்டியை ஓங்கினபோது நான் வேண்டாம் என்றேன்.

ஏனென்றால் டிசம்பரில் ஒருநாள் அப்பா குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, காபி குடித்துக்கொண்டே சொன்னார். "உன் மகன் ஒரு பொட்டு கிரீஸ் தடவலடி. இருக்கட்டும். ஏப்ரல்ல கோடைச் சக்கரம் மாட்டறப்ப அவனையே கழட்ட விடறேன். நான் நாற்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பாக்கறேன். சம்மட்டியால அடிச்சுக் கை மரத்துப்போனாத்தான் புத்தி வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபமெல்லாம் இல்லை. அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

புத்தாண்டுக் காலையில் நீ அவர் முன்னால் மண்டியிட்டு ஆசி கேட்டாய். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் உன் நெற்றியில் சிலுவை போட்டார். இடது கை ஆசி செல்லுமா அப்பா என்று நீ கேலி செய்தாய். "வருஷம் முழுக்கச் செல்லும், போடா" என்றார். நவம்பரில் நீ செய்ததைத் தெரிந்துகொண்டுதான் ஜனவரியில் அந்தக் கையை வைத்தார். நீ இதை நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அன்றைக்குக் கார் ஏன் அந்த வளைவில் ஆற்றுப் பக்கம் இறங்கியது என்று எனக்குத் தெரியாது. விழுந்ததும் உறைகிற மழை பெய்து சாலை கண்ணாடியாக இருந்தது என்று போலீஸ்காரர் சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும். சக்கரம் காரணம் இல்லை என்பது மட்டும் தெரியும். என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை ரேஜிஸ். சோலான்ஜ் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வியாழக்கிழமை ஷெட்டிலிருந்து வந்து சூப் பானையைத் தேய்த்தேன். அடியில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது, அப்பா சக்கரம் கழுவிய பிரஷ் பட்டது. போகவில்லை. விட்டுவிட்டேன்.

ஷெட்டுக்கு நல்ல பூட்டாகப் போட்டிருக்கிறேன். இரண்டு பேர் காரைக் கேட்டு வந்தார்கள், கொடுக்கவில்லை. ஐந்து நட்டும் சமையலறை ஜன்னலில் ஒரு கிண்ணத்தில் இருக்கின்றன. கீழே ஜாக்கி, மேலே அந்தச் சக்கரம், ஒரு நட்டும் இல்லாமல், நீ மாட்டியபடியே நிற்கிறது. யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சம்மட்டி கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன், நான் உட்கார்ந்துகொள்கிறேன். கழற்ற வேண்டியது நீதான். அப்பா அப்படித்தான் சொன்னார்.

கல்லை இந்த உறையில் வைத்திருக்கிறேன். காகிதத்தில் சுற்றியிருக்கிறேன், கீழே போட்டுவிடாதே.

ரயிலில் வா. நிலையத்திலிருந்து கேத்தானின் அப்பா உன்னைக் கூட்டிவருவார். வண்டியில் ஏற மனம் வராவிட்டால் சொல், நான் வந்து உன்னோடு நடக்கிறேன்.

எனக்கு ஆசி கொடுத்துப் பழக்கமில்லை, அது அப்பாவின் வேலை. ஆனாலும் இதைப் படிக்கும்போது என் கட்டைவிரல் உன் நெற்றியில் இருப்பதாக நினைத்துக்கொள். அவருடைய ஆசி டிசம்பர் வரை இருக்கிறது. அதற்குள் வந்துவிடு.

உன் அம்மா,
அதேல்